சத்தம் வராத அறை

ஜன்னல் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். வயலைத் தூர்த்து வீடு கட்டிய பாவம் என்றார்கள், என் தங்கையின் ஜாதகம் என்றார்கள். எல்லாம் சும்மா. முடிவும் என்னுடையது, பிடிவாதமும் என்னுடையது.

எங்கள் வீடு வல்லம் வடகாலில் லாரி போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. கன்டெய்னர் லாரி வளைவில் பிரேக் போட்டால் சமையலறையில் டம்ளர் ஆடும். காலையில் துடைத்த மேசையில் மத்தியானம் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு புழுதி. வெயில் காலத்தில் மொட்டை மாடித் தளம் வாங்கிய சூடு பொழுது சாய்ந்த பிறகும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் வாரி முகத்தில் அடிக்கும். ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்க வேண்டிய என் வீட்டுக்காரர், ஈரத்துண்டை வயிற்றில் போட்டுக்கொண்டு புரளுவார். பன்னிரண்டு வருஷம் இப்படியே ஓட்டினோம்.

அப்போதுதான் என் தங்கை உண்டானாள். எங்களுக்கு அம்மா இல்லை. பிரசவம் பார்த்து, தாயையும் பிள்ளையையும் மூன்று மாதம் வைத்திருந்து அனுப்ப வேண்டியவள் நான். அவள் புருஷன் ஓசூர்ப் பக்கம் வேலையில் இருந்தார், மாதம் ஒருமுறைதான் லீவு. எனக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் என் வீட்டுக்கு ஒரு பச்சைக் குழந்தை வரப்போகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை என்பதையும் மறைக்க மாட்டேன்.

நான் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவள். தையலுக்கு நடுவில் நூலளவு இடைவெளி தெரிந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவேன். எவ்வளவு பெரிய சூப்பர்வைசர் வந்து கெஞ்சினாலும் எடுக்க மாட்டேன். எங்கள் லைன் பக்கத்தில் ஒரு டெஸ்டிங் ரூம் உண்டு. இரண்டு கண்ணாடி போட்ட ஜன்னல், ரப்பர் வைத்த கதவு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நூறு மெஷின் ஓடுகிற இரைச்சல் கத்தரித்தாற்போல் நின்றுவிடும். பிள்ளைக்கு அப்படி ஓர் அறை வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றிவிட்டால் நான் விடமாட்டேன்.

பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் வந்தார். ரோட்டைப் பார்த்த பெரிய அறையில் பழைய மர ஜன்னல்களைப் பெயர்த்துவிட்டு, இரட்டைக் கண்ணாடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் ஜன்னல் இரண்டு வைத்தார். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் பசை பிதுக்கி அடைத்தார். கூரைக்குக் கீழே தெர்மாகோல் அட்டை பரப்பி, அதற்குக் கீழே ஜிப்சம் பலகை அடித்தார். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினார், அடியிலும் ஒட்டினார். கடைசியில் ஜன்னலுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, இத மட்டும் அப்படியே உட்டுடலாங்க்கா. ரூம்ல காத்து ஓட்டம் ஓணும்."

"அதுலதாம்பா பாதி புழுதி வருது. ஓட்டைய வெச்சிகினு அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ வேலை? அடச்சிடு."

"இல்லக்கா, ஒரு சின்ன..."

"அடைன்னா அடைப்பா."

அடைத்தார். வேலை முடிந்ததும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாக, கதவு ஓரமாக மெதுவாகக் காட்டிக்கொண்டு வந்தார். எங்கே காற்று நுழைகிறதோ அங்கே புகை சாயும், அப்படித்தான் சோதிப்பார்களாம். புகை எங்கேயும் சாயவில்லை. பிடித்த இடத்தில் நெட்டுக்குத்தலாக மேலே போனது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கம்பெனியில் யாருக்கும் சுலபத்தில் ஓகே சொல்லாத நான் அந்த மனுஷனுக்கு இரண்டு தடவை காபி போட்டுக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் அந்த அறையில் தனியாக நின்று ரோட்டைப் பார்த்தேன். லாரிகள் போயின. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியது தெரிந்தது, சத்தம் இல்லை. ஒரு டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி யாரையோ வாய் கிழியத் திட்டினான். வாய் மட்டும்தான் அசைந்தது. பக்கத்து வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது, அதுவும் ஊமையாக. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் காது கேட்கிறதா என்று கண்ணாடியை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டதையும் சொல்லத்தான் வேண்டும். சத்தம் இல்லாத இடத்தில் இருந்து எனக்குப் பழக்கமில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை பிடித்த சமயத்தில் தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளையோடு வந்தாள். பெண் குழந்தை. பச்சை உடம்புக்காரிமேல் காற்றுப் படக்கூடாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும், ஜன்னி வரும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மழைக் குளிருக்கு என் ஜன்னல் நன்றாக வாய்த்தது. அறை கதகதவென்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஜன்னலைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள்.

பிள்ளையைக் குளிப்பாட்ட எங்கள் தெருக்கோடியிலிருந்து ஓர் அம்மா வருவாள். வல்லத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கால்மேல் குளித்து வளர்ந்தவை. காலையில் பத்து மணி வாக்கில் வந்து எண்ணெய் தேய்த்து ஊற்றிவிட்டு, இரும்புச் சட்டியில் கொட்டாங்கச்சியை எரித்துத் தணலாக்கிக் கொண்டுவருவாள். அதில் சாம்பிராணி தூவிக் கூடையைக் கவிழ்த்து, பிள்ளைக்கும் தாய்க்கும் தலை காய வைப்பாள். அப்புறம் கூடையை எடுத்துவிட்டு, சட்டியை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, பிள்ளைத் துணிகளைத் துவைத்துப் போட்டுவிட்டு மத்தியானம்தான் போவாள். பிள்ளை பெற்றவள் முதுகுக்குச் சூடு ஏற வேண்டுமாம். எல்லா வீட்டிலும் செய்வதுதான். என்னைப் பெற்றபோதும் செய்திருப்பார்கள். அந்த நேரத்தில் நான் கம்பெனியில் இருப்பேன், நைட் ஷிப்ட் முடித்த வீட்டுக்காரர் பின்னறையில் தூங்குவார். ஏழு மணி பஸ்ஸுக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வீடு.

பத்து நாள் போயிருக்கும். சாயங்காலம் நான் வந்து கதவைத் திறந்ததும் தங்கை சொன்னாள்.

"அக்கா, இந்த ரூம்ல யாரோ கீறாங்க."

"யாரு கீறா? நீ கீற, உன் பொண்ணு கீறா."

"வெளாடாதக்கா. தல வலி மண்டைய பொளக்குது. கண்ண மூடுனா யாரோ காலாண்ட வந்து நிக்கிறாங்க. என் பேர சொல்லி கூப்புட்றாங்க. தொறந்து பாத்தா, ஜன்னல் கண்ணாடில எனக்குப் பின்னாடி இன்னொருத்தி நிக்கிறா."

அவளை ஜன்னலுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். இரண்டு கண்ணாடி, அதனால் உருவமும் இரண்டாகத் தெரிகிறது என்று காட்டினேன். நான் கையைத் தூக்கினேன், இரண்டு கைகள் தூக்கின. அவள் என்னைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்த மாதிரி இருந்தது.

"அது தெரியுதுக்கா. நான் அத சொல்லல. அவ தலையெல்லாம் ஈரமா கீது. நான் திரும்புனா அவ திரும்பறதில்ல."

நான் கத்தினேன். எனக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வரும், பிறவிக் குணம். தூக்கம் இல்லாத உடம்பு எதையாவது காட்டும், சும்மா கற்பனை பண்ணிக்கொண்டு கிடக்காதே என்று ஒரு பாட்டம் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

மறுநாளிலிருந்து அவள் ஜன்னலைத் திறக்க ஆரம்பித்தாள். மூச்சு முட்டுகிறது என்றாள். நான் திரும்பி வந்து பார்த்தால் பிள்ளையின் துணியில், தொட்டிலில், மேசையில் எல்லாம் சிமென்ட் நிறத்தில் புழுதி. எதற்காக இவ்வளவு பாடுபட்டேன்? இரண்டு நாள் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஜன்னலைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். அதை எழுதும்போது இப்போதும் கை நிற்கிறது. அன்று நிற்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து பக்கத்துச் சீட்காரியிடம், என் தங்கையை எப்படி வழிக்குக் கொண்டுவந்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு போனேன்.

பிள்ளை மட்டும் சமத்து. அழவே அழாது. முதல் வாரம் வீட்டைத் தூக்கி நிறுத்திய குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. குளித்தால் தூங்கும், மத்தியானம் தாண்டியும் தூங்கும், எழுப்பித்தான் பால் கொடுக்க வேண்டும். கன்னம் இரண்டும் சிவந்து கிடக்கும். "என் கை பட்டா அப்படித்தான்" என்று குளிப்பாட்டும் அம்மா பெருமைப்பட்டாள். நான் ஜன்னலால்தான் என்று பெருமைப்பட்டேன். பார்க்க வந்த ஒருத்தி, "புள்ள கீதா இல்லியான்னே தெரியல, அவ்ளோ அமைதி" என்றாள். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், தங்கையைத் தவிர.

அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். காலை பதினோரு மணிக்கு மேல் அவளைப் பார்க்கவே பயமாக இருப்பதாகக் குளிப்பாட்டும் அம்மா சொன்னாள். சுவரைப் பார்த்து யாருக்கோ பதில் சொல்கிறாளாம், நடந்தால் தடுமாறுகிறாளாம். ஆனால் வெயில் அடிக்கிற நாளில் வாசலில் கொண்டுவந்து உட்கார வைத்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுகிறாளாம். நான் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் அந்த அறையில் தலை கனக்கும். வாரம் முழுக்க வேலை பார்த்த அலுப்பு என்று தைலம் தேய்த்துக்கொள்வேன். இன்னொன்றும் கவனித்தேன். அந்த அறையில் பல்லி கத்துவது நின்றுபோயிருந்தது. பூச்சி நுழையாத அறையில் பல்லிக்கு என்ன வேலை என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன்.

ஒரு சாயங்காலம் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, புள்ளைய ராவுல உன்னாண்ட படுக்க வெச்சிக்கிறியா?"

"ஏன்டி?"

"அவ இன்னிக்கு, புள்ளைய குடுன்னு கேட்டா. நான் குடுத்துடுவனோன்னு பயமா கீதுக்கா."

அவள் மாமியார் வீட்டுக்கு இந்தப் பேச்சு எப்படியோ போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை வருகிறோம், பிள்ளையை நாங்கள் எடுத்துக்கொண்டு போகிறோம், அவள் சரியானதும் வரட்டும் என்று போன் செய்தார்கள். நாற்பது நாள் ஆகாத பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்கள். தங்கை அழக்கூட இல்லை. "எடுத்துகினு போட்டும், அதான் நல்லது" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

குளிப்பாட்டும் அம்மா தன் முடிவைச் சொன்னாள்.

"காத்து கருப்புதான் கண்ணு, சந்தேகமே இல்ல. இந்த மனைக்குப் பின்னாடி முன்ன குட்டை இருந்துது, தெரியுமில்ல? அதுல ஒருத்தி வுழுந்து போய்ட்டா. ஊரெல்லாம் ஓட்ட ஒடசலு, நீ மட்டும் இந்த ரூம இவ்ளோ கதகதன்னு வெச்சிருக்க. ஈரத்தோட நிக்கிறவ இங்கதான வருவா?"

"இப்ப இன்னா பண்ணணும்ன்ற?"

"ஞாயித்துக்கெழம உச்சி வேளைக்கு ஒரு பெரிய சட்டி நெறைய தணல் போட்டு, சாம்பிராணி, வெண்கடுகு, வேப்பெல போட்டு உள்ள வெச்சிட்றேன். தாயும் புள்ளையும் உள்ள இருக்கணும். கதவ வெளிய தாப்பா போட்ருவேன். ஒரு மணி நேரம். உள்ளாற இருந்து தட்டும், கூப்புடும், உன் கொரல்லயே கூப்புடும். தொறக்கக் கூடாது. தொறந்தா அது வூட்டுக்குள்ள பூந்துரும்."

வேறு நாளாக இருந்தால் அவளை வாசலோடு அனுப்பியிருப்பேன். ஞாயிறு விட்டால் மறுநாள் பிள்ளையைக் கொண்டு போகப்போகிறார்கள். தங்கை அந்த அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு ஆசை தெரிந்தது. சரி என்றேன். ஆனால் நானும் உள்ளே இருப்பேன் என்றேன். பேயாவது ஒன்றாவது, ஒரு மணி நேரம் கூடவே உட்கார்ந்து ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டால் இவள் பயம் தெளிந்துவிடும் என்பது என் கணக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. என் வீட்டுக்காரருக்கு ஓ.டி., வீட்டில் இல்லை. சட்டியை நடு அறையில் வைத்துவிட்டு அந்த அம்மா வெளியே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. தங்கை கட்டிலில் பிள்ளையை அணைத்துப் படுத்திருந்தாள். நான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டியது, சத்தமே இல்லாமல். புகை கொஞ்ச நேரத்தில் அடங்கியது. தணல் மட்டும் சிவப்பாக, அழகாக இருந்தது.

எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரியாது. நெற்றிப் பொட்டில் வலி துடித்தது. அப்புறம் வலி தூரமாகப் போய்விட்டது. காதுக்குள் ஒரு இரைச்சல், எங்கள் லைன் ஓடுகிற மாதிரி. அதற்குள்ளிருந்து யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நிதானமாக, கொஞ்சலாக. தலையைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தேன். கண்ணாடியில் நான் இரண்டாகத் தெரிந்தேன். அந்த இரண்டு உருவத்துக்கும் பின்னால், தலை நனைந்த ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பயமே வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது. வா, உட்கார் என்று சொல்லக்கூடத் தோன்றியது. படுத்துக்கொள்ளலாம், எல்லாம் சரியாகிவிட்டது என்று தோன்றியது.

பிள்ளைக்குப் பால் நேரம் என்பது மட்டும் எப்படியோ நினைவுக்கு வந்தது. நகர்ந்து போய்ப் பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினேன். தூங்குகிற பிள்ளையை அப்படித்தான் எழுப்புவோம். எழவில்லை. இன்னும் பலமாகச் சுண்டினேன். வாயோரத்தில் பால் வழிந்து கிடந்தது, விழுங்கவில்லை. தங்கையை உலுக்கினேன். அவள் தலை ஒரு பக்கமாக உருண்டது.

அப்போது வந்தது பயம். எழுந்தேன், கால் என்னுடையதாக இல்லை, விழுந்தேன். ஜன்னல் பூட்டியிருந்தது. சாவி ஹாலில் என் பையில். முழங்காலில் ஊர்ந்து கதவுக்குப் போய் இரண்டு கையாலும் அறைந்தேன்.

"தொற! யம்மா, தொற! புள்ளைக்கு இன்னாவோ ஆய்ட்ச்சி!"

கதவுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா இருந்தாள். எனக்குத் தெரியும். திறக்கவில்லை. ரப்பர் பட்டை வைத்த கதவு, என் குரல் அவளுக்குக் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டதாம். பெண் குரல், என் குரல் போலவே, ஆனால் ஈனமாக, இழுத்து இழுத்து. வரும் என்று அவளே சொல்லியிருந்தாளே! காதைப் பொத்திக்கொண்டு அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நான் அழுதேன், கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச அது பேய்தான் என்று அவளுக்கு உறுதியாகிக்கொண்டே போயிருக்கிறது.

தரையில் முகத்தை வைத்தேன். கதவுக்கடியில் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் பிராண்டிப் பிய்த்தேன். அந்த ஃபிட்டர் வேலையில் குறை சொல்ல முடியாது, இரண்டு நகம் பெயர்ந்த பிறகுதான் ஒரு முழம் கையோடு வந்தது. அந்த இடுக்கில் வாயை வைத்து மூச்சு இழுத்தேன். ஹாலில் பருப்பு வேகிற வாசனை வந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். இழுத்த மூச்சில் கெஞ்சவில்லை. திட்டினேன். அவள் பிறந்த வகையிலிருந்து ஆரம்பித்து, அவள் மகன் குடித்துவிட்டு விழுந்து கிடந்த இடம் வரைக்கும், இங்கே எழுத முடியாத எல்லாவற்றையும் சேர்த்து, லைனில் ஆம்பிளைகளே காதைப் பொத்திக்கொள்ளும்படி திட்டினேன்.

தாழ்ப்பாள் திறந்தது. "பேயி இவ்ளோ கேவலமா பேசாதுன்னுதான் தொறந்தேன்" என்று பிறகு தெருவெல்லாம் சொன்னாள். என் வாய்க்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல பெயர் அதுதான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மழையில் ரோட்டுக்கு ஓடினேன் என்று சொல்ல ஆசை. ஓடவில்லை, தள்ளாடினேன். அந்த அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரரும் தங்கையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போன கம்பெனி வேன் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பையன்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இறங்கி நின்று எங்களை ஏற்றினார்கள். வேன் ஜன்னல்களில் பாதிக்குக் கண்ணாடியே இல்லை. மழையும் காற்றும் லாரி சத்தமும் உள்ளே வந்து அறைந்தன. நான் பிள்ளையின் காலைச் சுண்டிக்கொண்டே இருந்தேன். "அழுடி, அழுடி கண்ணு, ஊரையே கூட்டி அழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அழாததற்காக எத்தனை நாள் கொஞ்சியிருக்கிறேன் அவளை. பிள்ளைப்பாக்கம் திருப்பம் தாண்டும்போது பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. வேனில் இருந்த யாருக்கும் அது கேட்டிருக்காது.

ஆஸ்பத்திரியில் மூன்று பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயசுப் பெண். அறையில் எதையாவது எரித்தீர்களா என்றுதான் முதலில் கேட்டாள். சொன்னேன். ஜன்னல், கதவு, அடைத்த வெண்டிலேட்டர், பூட்டு, சாவி எல்லாம் சொன்னேன். மூடின அறையில் கரித் தணல் இருந்தால் ஒரு விஷ வாயு வரும், அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது என்றாள். தலை வலிக்கும், ஆளைத் தூங்க வைக்கும், இல்லாததைப் பார்க்க வைக்கும், கேட்க வைக்கும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தங்கை அதைத்தான் சுவாசித்திருக்கிறாள், குழந்தையும்தான். இதைச் சொல்லிவிட்டு, அடுத்து வந்தவர்களுக்கு ஊசி போடப் போய்விட்டாள். பேயை ஓட்ட நாங்கள் வைத்த சட்டிதான் பேய் என்பது எனக்கு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் புரிந்தது. தங்கை சொன்ன அதே ஈரத்தலைக்காரியை நானும் ஏன் பார்த்தேன் என்று டாக்டரிடம் கேட்கவில்லை. அவள் சொல்லிச் சொல்லி என் மண்டையில் ஏறியிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று சாயங்காலம் சொன்னார்கள். பால் குடித்தாள், அப்புறம் நிறுத்தாமல் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தங்கையின் கட்டிலுக்குப் போனேன். அவள் கண் திறந்திருந்தாள். கண் தெளிந்திருந்தது. பிள்ளையைப் பார்த்தாள், தொடவில்லை. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, நான் புள்ளைய ஒன்னும் பண்ணிடலல்ல?"

இத்தனை நாளும் அவள் பயந்தது அந்த ஈரத்தலைக்காரியைப் பார்த்து இல்லை. தன் கைகளைப் பார்த்து.

"நீ ஒன்னும் பண்ணலடி. உனுக்கு ஒன்னுமே இல்ல. நான்தான் பண்ணேன். நீ மூச்சு முட்டுதுன்ன, நான் பூட்டிகினு போனேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் போர்வையிலிருந்து இரண்டு கையையும் வெளியே எடுத்து நீட்டினாள்.

"குடு" என்றாள்.

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்தாள். மறுநாள் மாமியார் வீட்டார் வந்தபோது பிள்ளையோடு அவளும் கிளம்பிப் போனாள்.